தாத்தாவின் லாக் புக்கை எப்படி வாசிப்பது?

வணக்கம் ஐயா. மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். டிரங்குப் பெட்டியில் தாத்தாவின் லாக் புக் (விமானியின் பறப்புப் பதிவேடு) கிடைத்தது. 1942இல் இந்திய விமானப்படையில் சேர்ந்து பர்மாப் போரில் ஹரிக்கேன் போர் விமானம் ஓட்டியவர். ‘ஸ்குவாட்ரன் லீடர், ஒரு ஸ்குவாட்ரனையே நடத்தினார்’ என்பார்கள் அத்தைமார். உள்ளே பச்சை, சிவப்பு மையில் வரிகள், புரியாத சுருக்கெழுத்துகள். அவர் வாழ்க்கையை எழுத ஆசை. எங்கே தொடங்கலாம்?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

லாக் புக்கிலேயே தொடங்குங்கள். விமானி தன் கையால் எழுதி, மாதக் கடைசியில் மேலதிகாரி கையெழுத்திட்ட ஆவணம் அது. வீட்டு நினைவுகளை அதன்மேல் வைத்துச் சரிபாருங்கள்.

முதலில் விமான வகை மாறும் தேதிகளைத் தனியே குறியுங்கள். டைகர் மாத் விமானம் என்றால் ஆரம்பப் பயிற்சி. பேகம்பேட்டை அல்லது ஜோத்பூராக இருக்கும். அடுத்த கட்டப் பயிற்சி விமானமான ஹார்வார்டு வந்தால் அம்பாலா. பிறகுதான் ஹரிக்கேன். விமானி பத்தியில் ‘செல்ஃப்’ என்று முதலில் வரும் நாள், அவர் பயிற்சியாளர் இல்லாமல் பறந்த நாள். அந்தத் தேதியைத் தவறவிட்டுவிடாதீர்கள்.

பச்சை மை பெரும்பாலும் பகல் போர்ப்பறப்பு, சிவப்பு இரவு. எல்லா இடத்திலும் ஒரே வழக்கம் இல்லை. ஆகவே வலப்பக்கத்தில் நேரம் பகல் பத்தியில் ஏறியிருக்கிறதா, இரவுப் பத்தியிலா என்று பாருங்கள். ‘டி.சி.ஓ.’ என்றால் பணி முடிந்தது. ‘டி.என்.சி.ஓ.’ என்றால் முடியவில்லை. பருவமழை மேகமோ இயந்திரக் கோளாறோ பக்கத்திலேயே எழுதியிருக்கலாம். ‘டாக்-ஆர்’ என்பது தாழப் பறந்து எதிரியின் நடமாட்டத்தை உளவு பார்ப்பது. இரண்டு ஹரிக்கேன்கள் சேர்ந்து போகும். முன்னவர் தரையைப் பார்ப்பார். ‘வீவர்’ எனப்படும் பின்னவர் இப்படியும் அப்படியும் வளைந்து பறந்து வானத்தைக் காவல் காப்பார். தாத்தா எத்தனை முறை வீவர், எப்போது முன்னவரானார் என்று எண்ணுங்கள். அவர்மீது ஸ்குவாட்ரன் வைத்த நம்பிக்கை அதில் தெரியும்.

பறந்த நேரத்தைக் கூட்டுவதில் பலர் தவறுகிறார்கள். 1.35 என்பது ஒரு மணி 35 நிமிடம். அதோடு .50, அதாவது 50 நிமிடம், சேர்ந்தால் 2.25, 1.85 அல்ல.

ஸ்குவாட்ரன் என்பது விமானப் படைப்பிரிவு; ஸ்குவாட்ரன் லீடர் என்பது பதவித்தரம். 1944இல் இம்பாலில் 1ஆம் ஸ்குவாட்ரனை நடத்திய அர்ஜன் சிங்குக்கு அந்தத் தரமும் இருந்தது, தலைமையும் இருந்தது. ஆனால் அதே தரத்தில் பயிற்சிப் பள்ளியிலும் தலைமையகத்திலும் இருந்தவர்கள் உண்டு. மாதச் சுருக்கத்தின் அடியில் ஸ்குவாட்ரன் தலைவர் இடத்தில் யார் கையெழுத்து என்று பாருங்கள். அது வேறொருவருடையது என்றால், அத்தைமார் வருந்தினாலும் அப்படியே எழுதுங்கள். போரில் ஹரிக்கேன் ஓட்டியதே பெரிய வாழ்க்கை.

இன்னொரு சோதனை: இந்திய விமானப்படையின் பெயருக்கு ‘ராயல்’ அடைமொழி 1945 மார்ச்சில்தான் வந்தது. 1943 என்று தேதியிட்ட தாளில் அது அச்சாகியிருந்தால், பின்னாளில் எடுத்த நகல் என்று கொள்ளுங்கள்.

தஞ்சாவூர் பெயர் கண்ணில் பட்டாலும் பொறுமை. 1942 அக்டோபரில் பிரிட்டிஷ் விமானப்படையின் 36ஆம் ஸ்குவாட்ரன் வெலிங்டன் குண்டுவீச்சு விமானங்களோடு அங்கே மீண்டும் உருவானது. ஹரிக்கேன்காரர் எரிபொருளுக்கு இறங்கியிருக்கலாம். ஒரே ஒரு வரியை வைத்து, அன்றைய சொந்த ஜில்லாவான தஞ்சாவூரில் பணியாற்றினார் என்று எழுதிவிட வேண்டாம்.

ஐப்பசி அடைமழைக்கு முன் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்துவிடுங்கள். ஒரு பறப்பின் வரி இடப்பக்கம் தொடங்கி வலப்பக்கம் முடிவதால், இரண்டையும் ஒரே படத்தில் எடுங்கள். லேமினேஷன் கூடாது. பிளாஸ்டிக் உறையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். வெயிலில் காயவைத்தால் மை வெளுக்கும். உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி, சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். ராமபாணப் பூச்சி வருகிறதா என்று மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள்.