டிம்மர் வாங்குறதுக்கு முன்னாடி ஸ்விட்ச் போர்ட கழட்டிப் பாருங்க

ஸ்மார்ட் டிம்மர், அதாவது போன் ஆப்ல இருந்தும் லைட் வெளிச்சத்த ஏத்தி இறக்குற ஸ்விட்ச் பத்தி கேள்வி நிறைய சேர்ந்துபோச்சு, அதனால இந்த தடவ அத மட்டும் எடுத்துக்கிட்டேன். எல்லாருமே ஸ்விட்ச மொதல்ல வாங்கிட்டு அப்புறம்தான் லைட்டையும் ஒயரையும் பாக்குறீங்க. லைட் மொதல்ல, ஒயர் ரெண்டாவது, ஸ்விட்ச் கடைசி. இந்த வரிசைல போனா கீழ இருக்கிற பிரச்சனைல முக்காவாசி வரவே வராது.

கேள்வி (சோழிங்கநல்லூர்): புது ஃப்ளாட் சார். ஹால்ல ஃபால்ஸ் சீலிங் போட்டு 8 டவுன்லைட் வச்சிருக்கோம், ஒவ்வொண்ணும் 7 வாட். ஆன்லைன்ல ஒரு வைஃபை டிம்மர் வாங்கி எலக்ட்ரீஷியன் வந்து மாட்டிட்டுப் போனாரு. ஃபுல்லா வச்சா நல்லா எரியுது, பாதிக்கு கீழ இறக்கினா படபடன்னு துடிக்குது, சீலிங்ல இருந்து கொய்ங்னு சத்தம் வேற. டிம்மர் வித்தவங்க லைட் சரியில்லங்கறாங்க, லைட் கடைல டிம்மர் சரியில்லங்கறாங்க. யார் சொல்றது சரி?

பதில்: நீங்க சொல்ற அறிகுறிய வச்சுப் பாத்தா லைட்டுதான். உங்க டவுன்லைட் வந்த அட்டப்பெட்டி இருந்தா எடுத்துப் பாருங்க, பெட்டி இல்லன்னா சீலிங் ஓட்டைல இருந்து ஒரு லைட்ட இறக்கி அது கூட ஒயர்ல தொங்குற சின்ன வெள்ள டப்பாவ பாருங்க, அதான் டிரைவர். அதுல டிம்மபிள்னு (வெளிச்சத்த கொறைக்கலாம்னு அர்த்தம்) எழுதியிருக்கா? ஒண்ணுமே எழுதலன்னா டிம்மபிள் இல்லன்னே வச்சுக்கோங்க. நம்ம ஊர்ல கடைல சும்மா டவுன்லைட் குடுங்கன்னு கேட்டா கைல வர்றது பெரும்பாலும் டிம் ஆகாத ரகம்தான், 9 வாட் பல்பும் அப்படித்தான்.

ஏன் துடிக்குதுன்னா, டிம்மர் பண்றது வோல்டேஜ கொறைக்கிற வேலை இல்ல, நம்ம 230 வோல்ட் கரண்ட் நொடிக்கு 50 தடவ ஏறி இறங்குதுல்ல, அந்த ஒவ்வொரு அலைலயும் ஒரு துண்ட வெட்டி விட்டுடுது. குண்டு பல்புக்கு அது பிரச்சனையே இல்ல, கம்பி சூடு கொறைஞ்சா வெளிச்சம் கொறையும். எல்.இ.டி. டிரைவர் அப்படி இல்ல, உள்ள வர்ற கரண்ட் எப்படி இருந்தாலும் லைட்டுக்கு ஒரே அளவு குடுக்கணும்னுதான் அத செஞ்சிருக்காங்க, அதனால வெட்டின அலைய வச்சு கொஞ்ச நேரம் சமாளிக்கும், ஒரு அளவுக்கு கீழ போனா முடியாம அணைஞ்சு அணைஞ்சு எரியும். சத்தமும் அதனாலதான். இப்படியே ஓட்டாதீங்க, டிரைவர் உள்ள இருக்கிற கண்டென்சர் சூடாகி சீக்கிரம் போயிடும், அப்புறம் வாரண்டி கேட்டா டிம்மர்ல போட்டீங்களான்னு கேப்பாங்க.

சண்டைய முடிக்க ஒரு வழி இருக்கு. எலக்ட்ரீஷியன கூப்பிட்டு அந்த லைன்ல இருக்கிற 8 லைட்டையும் கழட்டிட்டு ஒரே ஒரு ஹோல்டர்ல 60 வாட் குண்டு பல்பு போட்டு டிம்மர ஏத்தி இறக்கச் சொல்லுங்க. வழுவழுன்னு ஏறி இறங்குச்சுன்னா டிம்மர் மேல குத்தம் இல்ல. அதுவும் துடிச்சா தைரியமா டிம்மர திருப்பிக் குடுங்க, அத வீடியோவும் எடுத்து வச்சுக்கோங்க.

லைட்டுதான்னு தெரிஞ்சா எட்டையும் தூக்கிப் போட வேணாம். டிரைவர் தனியா இருக்கிற மாடல்னா டிரைவர மட்டும் டிம்மபிளா மாத்தலாம். பழைய டிரைவர்ல அவுட்புட்னு போட்டு எத்தன மில்லியாம்ப், எத்தன வோல்ட்ல இருந்து எத்தன வோல்ட் வரைன்னு எழுதியிருக்கும், அத போட்டோ எடுத்துட்டு சென்னை ரிட்சி ஸ்ட்ரீட்டோ பாரிமுனை பக்கம் எலக்ட்ரிகல் கடையோ போங்க. மில்லியாம்ப் அதே இருக்கணும், வாட் மட்டும் சொல்லி வாங்கிட்டு வந்துடாதீங்க. மொதல்ல ஒண்ணே ஒண்ணு வாங்கி மாட்டிப் பாத்துட்டு அப்புறம் மிச்சத்த வாங்குங்க, நான் ஒரேயடியா எட்டு வாங்கச் சொல்ல மாட்டேன்.

இன்னும் ஒண்ணு. டிம்மர்ல ரெண்டு ரகம் இருக்கு, அலையோட முன்பக்கத்த வெட்டுறது, பின்பக்கத்த வெட்டுறது. லீடிங் எட்ஜ், ட்ரெய்லிங் எட்ஜ்னு டப்பால போட்டிருப்பாங்க. எல்.இ.டி.க்கு பொதுவா ட்ரெய்லிங் நல்லா ஒத்துவரும், சத்தமும் கம்மி. ஆனா நீங்க வாங்குற டிரைவர்ல ட்ரையாக் டிம்மபிள்னு மட்டும் போட்டிருந்தா அது முன்பக்கம் வெட்டுற டிம்மருக்குன்னு செஞ்சது, ரெண்டையும் ஒரே கடைல வாங்கி கவுண்டர்லயே மாட்டி எரிய வச்சுக் காட்டச் சொல்லுங்க. காட்ட மாட்டேன்னா அடுத்த கடைக்குப் போங்க. எல்லாம் மாத்தினப்புறமும் ரொம்ப கீழ லேசா துடிச்சா ஆப்ல மினிமம் பிரைட்னஸ்னு ஒரு செட்டிங் இருக்கும், துடிக்காத எடம் வரைக்கும் அத ஏத்தி விட்டுடுங்க. இத பல பேர் தொடறதே இல்ல.

கேள்வி (மயிலாப்பூர்): எங்க வீடு அப்பா காலத்துல கட்டினது. நாலு கம்பெனி ஸ்மார்ட் டிம்மர் பாத்துட்டேன், எல்லாத்துலயும் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போற ஒயர்) வேணும்னு போட்டிருக்கு. எங்க எலக்ட்ரீஷியன் உங்க போர்டுல நியூட்ரல் கெடையாது, ஆனா எர்த்துல குடுத்து ஓட்டிடலாம் மாமின்னு சொல்றான். செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது மாமி. இத அவர்கிட்ட கண்டிப்பா சொல்லிடுங்க. எர்த் ஒயர்ங்கறது ஏதாவது கோளாறு வந்தா கரண்ட் வெளிய ஓடுறதுக்கு, எப்பவும் கரண்ட் ஓடிட்டே இருக்கிறதுக்கு இல்ல. அதுல டிம்மர மாட்டிட்டு நாளைக்கு எர்த் எங்கயாவது அறுந்துபோச்சுன்னா உங்க ஃப்ரிட்ஜ் உடம்புலயும் கீசர்லயும் கரண்ட் நிக்கலாம். வீட்ல ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா தானா அணைச்சு விடுற மெயின் ஸ்விட்ச்) இருந்தா அது ட்ரிப் ஆகிக் காட்டிக்குடுக்கலாம், பழைய வீட்ல பெரும்பாலும் அதுவும் இருக்காது.

நம்ம ஊர் ஒயரிங்ல ஸ்விட்சுக்கு பேஸ் (கரண்ட் வர்ற ஒயர்) மட்டும் இறங்கி வந்து திரும்ப லைட்டுக்குப் போகும், நியூட்ரல் நேரா மேலயே லைட்டுக்குப் போயிடும். அதனாலதான் போர்டுல இல்லங்கறாரு. ஆனா அதே போர்டுல ஒரு 6 ஆம்ப் பிளக் பாயிண்ட் இருந்தா அதுக்கு நியூட்ரல் வந்தே ஆகணும், அதுல இருந்து எடுக்க முடியுமான்னு கேளுங்க. அந்த பாயிண்ட்டும் லைட்டும் ஒரே சர்க்யூட்டான்னு பாத்துட்டுதான் எடுக்கணும், வேற வேற ஆர்.சி.சி.பி.ல இருந்தா ட்ரிப் ஆகலாம். பிளக் பாயிண்ட்டே இல்லாத போர்டுன்னா சீலிங் ஜங்ஷன்ல இருந்து ஒரு கருப்பு ஒயர் புதுசா இழுக்கணும், பைப்ல எடம் இருந்தா சின்ன வேலைதான்.

அதுவும் முடியலன்னா நியூட்ரல் வேண்டாத டிம்மர் தனியா வருது. அது தன்னோட வைஃபை உயிரோட இருக்கிறதுக்கு லைட் வழியாவே கொஞ்சூண்டு கரண்ட் ஓட்டிக்கிட்டே இருக்கும், அதனால மினிமம் லோடு எத்தன வாட்னு பாருங்க. ஒரே ஒரு 5 வாட் பல்பு இருக்கிற ரூம்ல மாட்டினா ஆஃப் பண்ணப்புறமும் ராத்திரில மின்மினி மாதிரி மின்னும். பைபாஸ்னு ஒரு சின்ன உருப்படி லைட் பக்கத்துல மாட்டினா அது நிக்கும், சில கம்பெனி டப்பாலயே குடுத்துடறாங்க.

போர்ட கழட்டும்போது மெயின ஆஃப் பண்ணா போதும்னு நெனைக்காதீங்க. வீட்ல இன்வர்ட்டர் இருக்குல்ல? மெயின் போன அடுத்த நிமிஷம் அது எடுத்துக்கும், போர்டுல பேஸ் அப்படியே உயிரோட இருக்கும். இன்வர்ட்டரையும் ஆஃப் பண்ணி, அது பின்னாடி இருக்கிற பைபாஸ் ஸ்விட்சும் (இன்வர்ட்டர தாண்டி மெயின் கரண்ட நேரா விடுறது, லைட் பக்கத்துல மாட்டுறது இல்ல) எந்த பக்கம் இருக்குன்னு பாத்து, டெஸ்டர் வச்சு ஒவ்வொரு ஒயரா தொட்டுப் பாத்துட்டுதான் கை வைக்கச் சொல்லுங்க. லைசென்ஸ் உள்ள ஒயர்மேன கூப்பிடுங்க, எர்த்துல குடுக்கலாம்னு சொன்னவர வேணாம். இன்வர்ட்டர் ஸ்கொயர் வேவ் ரகமான்னும் பாத்துக்கோங்க, அதுல டிம்மர் ஒழுங்கா வேலை செய்யாது, கரண்ட் போனப்ப மட்டும் லைட் துடிக்குதேன்னு அப்புறம் தேடிக்கிட்டு இருப்பீங்க. சைன் வேவ்னா பிரச்சனை இல்ல.

கேள்வி (பெரம்பூர்): ஒரு டிம்மர்லயே ஃபேன் ஸ்பீடும் கண்ட்ரோல் பண்ணிக்கலாமா? ஃபேன் ரெகுலேட்டர்ல லைட்ட போட்டு டிம் பண்ணலாமா?

பதில்: ரெண்டுமே வேணாம். லைட் டிம்மர்ல ஃபேன் போட்டா உறுமும், மோட்டர் சூடாகும். ஃபேனுக்கு ஸ்மார்ட் வேணும்னா ஃபேன் ரெகுலேட்டர்னே தனியா விக்கிற ஸ்மார்ட் மாடல வாங்குங்க. பி.எல்.டி.சி. ஃபேனா (கரண்ட் கம்மியா இழுக்கிற, ரிமோட்டோட வர்ற ரகம்) இருந்தா அந்த ரெகுலேட்டரும் கூடாது, அதுக்கு ரிமோட்தான், போர்டுல வெறும் ஸ்விட்ச் போதும்.

கேள்வி (போரூர்): மாட்டியாச்சு, மேனுவலா நல்லா டிம் ஆகுது, ஆனா ஆப்ல சேரவே மாட்டேங்குது. எலக்ட்ரீஷியன் போன்ல மட்டும் அன்னைக்கு சேந்துச்சு. இன்னொரு விஷயம், கரண்ட் போய் வந்தா நடு ராத்திரில பெட்ரூம் லைட் ஃபுல்லா எரியுது, கொழந்த எழுந்துடறா.

பதில்: அவர் போன்ல சேந்துச்சுன்னு சொன்னீங்க பாருங்க, அங்கதான் முடிச்சு. இந்த மாதிரி ஸ்விட்ச் பலதும் மொதல்ல சேத்தவங்க அக்கவுண்ட்டோட கட்டிக்கும், அவர் தன்னோட ஆப்ல இருந்து டெலிட் பண்ற வரைக்கும் உங்க போன்ல வராது. அதோட உங்க வீட்டு லைட்ட அவர் எங்க இருந்து வேணா போட்டு அணைக்க முடியும்ங்கறதயும் யோசிச்சுப் பாருங்க. உடனே போன் பண்ணி எடுக்கச் சொல்லுங்க. இத படிக்கிறவங்க எல்லாருமே மாட்டுற அன்னைக்கு உங்க மெயில் ஐடில உங்க போன்லயே சேருங்க, அவசரத்துக்கு அவர் போன்ல வேணாம்.

அதுக்கப்புறமும் சேரலன்னா ரவுட்டர பாருங்க. இந்த ஸ்விட்ச் எல்லாம் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைல மட்டும்தான் பேசும், உங்க போன் 5 கிகாஹெர்ட்ஸ்ல இருக்கும், புது ரவுட்டருங்க ரெண்டையும் ஒரே பேர்ல காட்டுறதால உங்களுக்குத் தெரியாது. ரவுட்டர் செட்டிங்ல 2.4க்கு தனி பேர் குடுத்து அதுல சேருங்க. போர்டுல இருக்கிற இரும்பு பாக்ஸும் சிக்னல குடிக்கும், ரவுட்டர் ரெண்டு சுவர் தள்ளி இருந்தா இன்னும் மோசம்.

நடு ராத்திரி எரியறதுக்கு ஆப்ல பவர் ஆன் ஸ்டேட்னு ஒண்ணு இருக்கும், ஆன், ஆஃப், கடைசியா இருந்த நிலைன்னு மூணு வரும். பெட்ரூமுக்கு ஆஃப் வச்சுடுங்க. மாடிப்படி லைட்டுக்கு மட்டும் கடைசி நிலை வைங்க, வயசானவங்க ஏறிட்டிருக்கும்போது கரண்ட் போய் வந்தா இருட்டுல நிக்கக் கூடாது.

கேள்வி (அம்பத்தூர்): ஆன்லைன்ல வாங்கின டிம்மர் முதல் நாள்ல இருந்தே வேலை செய்யல. மாட்டிட்டீங்க, அதனால ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்னு விக்கிறவங்க சொல்றாங்க. பணம் போனது போனதுதானா?

பதில்: போகல. மாட்டிப் பாக்காம ஒரு ஸ்விட்ச் கெட்டதா நல்லதான்னு யாருக்கு எப்படித் தெரியும்? 2020ல வந்த இ-காமர்ஸ் விதிகள்படி பொருள் பழுதா இருந்தாலோ விளம்பரத்துல சொன்ன மாதிரி இல்லன்னாலோ திருப்பி எடுக்க மாட்டேன்னு விக்கிறவங்க சொல்ல முடியாது. அந்த தளத்துல குறைதீர் அதிகாரின்னு ஒருத்தர் பேரும் நம்பரும் போட்டிருக்கணும், அவருக்கு எழுதுங்க. 48 மணி நேரத்துல கெடச்சுதுன்னு பதில் வரணும், ஒரு மாசத்துக்குள்ள முடிக்கணும். அதுலயும் நடக்கலன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழ்லயே பேசலாம். அதுக்கும் மேலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், நீங்க குடியிருக்கிற ஊர்லயே போடலாம், 5 லட்சம் ரூபா வரைக்குமான பொருளுக்கு ஃபீஸ் கெடையாது, 2 வருஷத்துக்குள்ள போடணும்.

ஆனா கைல என்ன இருக்குன்னு பாருங்க. பில், விக்கிற பேஜோட ஸ்க்ரீன்ஷாட், குண்டு பல்பு போட்டும் வேலை செய்யலன்னு காட்டுற வீடியோ, இந்த மூணும் வேணும். அந்த பேஜ்ல எல்லா எல்.இ.டி.க்கும் ஆகும்னு போட்டிருந்தா உங்க கை ஓங்கியிருக்கு. டிம்மபிள் லைட்டுக்கு மட்டும்னு போட்டிருந்து நீங்க சாதா லைட்ல மாட்டியிருந்தா, நேர்மையா சொல்றேன், அந்த கேஸ் நிக்காது. டப்பாவையும் தூக்கிப் போடாதீங்க, எம்.ஆர்.பி., எந்த நாட்டுல செஞ்சது, இறக்குமதி பண்ணவங்க பேர் விலாசம் எல்லாம் அதுல இருக்கணும். அது எதுவுமே இல்லாத டப்பான்னா அதயும் புகார்ல சேத்து எழுதுங்க.

கேள்வி (வேளச்சேரி): வாடகை வீடு. ஹவுஸ் ஓனர் போர்ட தொடக் கூடாதுங்கறாரு. ராத்திரி டிவி பாக்கும்போது மட்டும் வெளிச்சம் கம்மியா வேணும், அவ்ளோதான்.

பதில்: உங்களுக்கு டிம்மரே வேணாம். ஸ்மார்ட் பல்பு ஒண்ணு வாங்கி அதே ஹோல்டர்ல போடுங்க, வீடு மாறும்போது கழட்டி எடுத்துட்டுப் போயிடலாம். ஒரே ஒரு தொல்லைதான், யாராவது சுவத்துல ஸ்விட்ச ஆஃப் பண்ணிட்டா ஆப்ல வேலை செய்யாது, வீட்ல இருக்கிறவங்ககிட்ட சொல்லி வைக்கணும். அதுவும் சரிப்படாதுன்னா, ஸ்விட்ச ஒரு தடவ அணைச்சு போட்டா வெளிச்சம் ஒரு படி கொறையற பல்பு வருது, ஆப்பும் வேணாம் வைஃபையும் வேணாம். டிவி பாக்குறதுக்கு மட்டும்னா நான் அதத்தான் வாங்கச் சொல்லுவேன். ஆனா அத எந்த டிம்மர் பின்னாடியும் மாட்டாதீங்க, ஸ்மார்ட் பல்பையும்தான்.