கடன் வாங்கி ஐரோப்பாவா, கையிருப்பில் மலேசியாவா?

கேள்வி: எங்களுக்குத் திருமணமாகி ஆறு வருடம் ஆகிறது. இருவரும் வேலைக்குப் போகிறோம். வாடகை, பைக் தவணை, ஊருக்கு அனுப்புவது எல்லாம் போக மாதம் 8,000 ரூபாய் மிஞ்சும். ஆர்.டி.யில் 60,000 இருக்கிறது. வரும் நவம்பரில், அதாவது இன்னும் எட்டு மாதத்தில், திருமண நாளை ஒட்டி வெளிநாடு போய் வர ஆசைப்படுகிறோம். கணவரின் ஆபீஸில் ஒருவர் ஐரோப்பா போய் வந்ததிலிருந்து இவரும் அதையே சொல்கிறார். பர்சனல் லோன் மூன்றரை லட்சம் போடலாம் என்கிறார். எனக்குக் கடன் என்றாலே தூக்கம் வராது. என் நகைச் சீட்டு முடியப்போகிறது. அதை எடுத்துக் கொடுக்கட்டுமா? குறைந்த செலவில் வேறு வழி உண்டா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் நகைச் சீட்டை மறந்துவிடுங்கள் சகோதரி. முடிந்தாலும் கடையில் நகையாகத்தான் தருவார்கள், பணமாகத் தர மாட்டார்கள். அந்த நகையை அடகு வைத்து விமானம் ஏறுவதும் கடன்தான், பெயர்தான் வேறு.

அடுத்து, உங்கள் கணவர் சொல்லும் லோன். மூன்றரை லட்சத்தை 14 சதவீத வட்டிக்கு மூன்று வருடத் தவணையில் வாங்கினால் மாதம் 12,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகக் கட்ட வேண்டும். உங்களிடம் மிஞ்சுவதோ 8,000. மீதி நாலாயிரத்துக்கு எதை நிறுத்துவீர்கள்? மூன்று வருட முடிவில் வட்டி மட்டும் 80,000 ரூபாய்க்கு மேல் போயிருக்கும். இது போக, பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு ஆளுக்கு 90 யூரோ. இருவருக்கும் சேர்த்தால் 18,000 ரூபாயைத் தாண்டும், விசா மையத்தின் கட்டணம் தனி. விசா கிடைக்காவிட்டால் அந்தப் பணம் திரும்பி வராது. ஐரோப்பா எங்கேயும் ஓடிப்போகாது. அதற்கென்று தனியாக ஒரு ஆர்.டி. தொடங்குங்கள், நாலைந்து வருடம் கழித்துக் கைப்பணத்தில் போகலாம்.

இப்போது கையில் என்ன இருக்கிறது? 60,000, அதோடு எட்டு மாதச் சேமிப்பு 64,000. மொத்தம் 1,24,000. நாட்டை முடிவு செய்துவிட்டுப் பணம் தேடுவதால்தான் வீட்டில் சண்டை வருகிறது. பணத்தை முதலில் முடிவு செய்துவிட்டால் நாடு தானாக அமையும். இந்தத் தொகைக்கு, அதுவும் கும்பகோணத்திலிருந்து, நான் மலேசியாவைத்தான் சொல்வேன்.

காரணம் திருச்சி. கோலாலம்பூருக்கு அங்கிருந்து நேரடி விமானம் இருக்கிறது, நாலு மணி நேரப் பயணம். சென்னையிலிருந்து டிக்கெட் ஆயிரம், இரண்டாயிரம் குறைகிறதே என்று ஆசைப்படாதீர்கள். ரயில், ஆட்டோ, வழிச் சாப்பாடு என்று சென்னைக்குப் போய் வருவதற்குள் அந்த லாபம் கரைந்துவிடும். விசாச் செலவும் இல்லை. 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் விசா இல்லாமலே 30 நாள் வரை தங்கலாம். 2026 டிசம்பர் கடைசி வரை இந்தச் சலுகையை நீட்டித்திருக்கிறார்கள். டிக்கெட் போடும் அன்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மலேசியக் குடிநுழைவுத் துறையின் இணையதளத்தில் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அது இலவசம். அதற்குக் காசு கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள்.

ஆறு இரவு, மலேசியப் பணமான ரிங்கிட் ஒன்றுக்கு 23 ரூபாய் என்று வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருவருக்கும் போக வர டிக்கெட், ஒரே ஒரு செக்-இன் பெட்டியோடு, 32,000. அறை இரவுக்கு 3,000 வீதம் 18,000. சாப்பாடு நாளுக்கு 100 ரிங்கிட் வீதம் ஏழு நாளுக்கு 16,100. உள்ளூர்ப் பயணம் 14,000. நுழைவுச் சீட்டுகள் 6,000. இன்ஷூரன்ஸ், சிம் கார்டு, திருச்சிக்குப் போக வர எல்லாம் சேர்த்து 4,500. எதிர்பாராத செலவுக்குத் தொடாமல் வைப்பது 10,000. இதோடு இன்னும் சில சில்லறைகள் உண்டு, கீழே சொல்கிறேன். எல்லாம் சேர்த்தும் 1,12,000-க்குள் அடங்குகிறது. உங்கள் கணவர் சொல்லும் லோனின் வட்டி மட்டுமே இதில் முக்கால்வாசி என்று அவரிடம் காட்டுங்கள்.

சில்லறைகளில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். வெளிநாட்டுப் பயணிகளிடம் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி வாங்குவார்கள். ஆன்லைனில் பார்த்த விலையில் இது பெரும்பாலும் சேர்ந்திருக்காது, சாவி வாங்கும்போது கவுன்டரில் கேட்பார்கள். ஆறு இரவுக்கு 60 ரிங்கிட். திருச்சியில் நடுராத்திரி ஏறினால் அங்கே விடிந்திருக்கும். அவர்கள் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஹோட்டலில் மதியம் இரண்டு மணிக்கு மேல்தான் அறை தருவார்கள். அதற்காக முந்தைய இரவுக்கும் பணம் கட்டாதீர்கள். பெட்டியை வரவேற்பில் வைத்துவிட்டு ஊரைச் சுற்றிவிட்டு வரலாம்.

ஜோடியாகப் போகிறவர்களுக்கென்றே ஒரு கணக்கு இருக்கிறது: தலைக்கு இவ்வளவா, வண்டிக்கு இவ்வளவா என்று பார்க்க வேண்டும். விமான நிலையத்திலிருந்து நகருக்குள் போகும் கே.எல்.ஐ.ஏ. எக்ஸ்பிரஸ் ரயிலுக்கு ஆளுக்கு 55 ரிங்கிட், இருவருக்கு 110. செல்போன் ஆப்பில் அழைக்கும் கிராப் வாடகை கார் பெரும்பாலும் அதைவிடக் குறைவாக வரும், ஹோட்டல் வாசலிலேயே இறக்கிவிடும். பஸ் இன்னும் மலிவு, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தனி ஆளாக இருந்தால் பஸ்ஸில் போங்கள் என்று சொல்லியிருப்பேன்.

கோலாலம்பூரில் மூன்று இரவு, பினாங்கில் மூன்று இரவு போதும். பத்துமலைக்கு கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து கொமியூட்டர் என்ற உள்ளூர் ரயிலில் போனால் அடிவாரத்திலேயே இறங்கலாம். 140 அடி முருகனையும் 272 படிகளையும் பார்க்கக் கட்டணம் கிடையாது. வெயில் ஏறுவதற்குள் ஏறி இறங்கிவிடுங்கள். நவம்பரில் கோலாலம்பூரில் சாயங்கால மழை அடிக்கடி வரும் என்பதால் வெளிவேலையைக் காலையில் வைத்துக்கொள்வதே நல்லது. பினாங்குக்கு பட்டர்வொர்த் வரை ரயிலில் போய், அங்கிருந்து ஃபெர்ரியில் ஜார்ஜ் டவுன் போகலாம். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பழைய நகரம் அது, நடந்தே பார்க்க வேண்டியது. சாப்பாட்டுக்கு மாமக் கடைகள் இருக்கின்றன. தமிழ் முஸ்லிம்கள் நடத்துபவை. இரண்டு பேரும் ரொட்டி சனாயும் (பரோட்டா மாதிரி) தே தாரிக்கும் (ஆற்றிய பால் டீ) சாப்பிட்டால் பத்து ரிங்கிட்டுக்குள் காலைப் பலகாரம் முடியும். அதனால் காலை உணவு சேர்த்த அறைக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். தீபாவளி வாரத்தை மட்டும் தவிர்த்து, மாதக் கடைசியில் டிக்கெட் பாருங்கள்.

பணம் கொண்டுபோவதில் ஒரு விஷயம். கார்டில் செலவழித்தால் பல வங்கிகள் 3.5 சதவீதம் வரை கூடுதல் கட்டணமும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் பிடிக்கின்றன. ஆகவே திருச்சியிலேயே உரிமம் பெற்ற கடையில் பாதிப் பணத்தை ரிங்கிட்டாக மாற்றிக்கொள்ளுங்கள். மீதியை ஃபாரெக்ஸ் கார்டில், அதாவது வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் கார்டில், ஏற்றுங்கள். விமான நிலையக் கவுன்டரில் மாற்றாதீர்கள். உங்கள் வங்கி கார்டைத் தேய்க்க வேண்டி வந்தால், மெஷின் திரையில் இரண்டு தொகை வரும், ஒன்று ரிங்கிட்டில், ஒன்று ரூபாயில். ரூபாய் கண்ணுக்குப் பழக்கமானது என்பதால் கை அதைத்தான் தொடும். ரிங்கிட்டை அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் அந்த மெஷின்காரர் வைத்த விலைக்கு மாற்றிவிடுவார்.

ஏஜென்ட்டிடம் பேக்கேஜாக வாங்கினால் டி.சி.எஸ். என்று, முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரியாக, ஒரு தொகையையும் சேர்த்து வாங்குவார்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை உங்கள் பணம் அங்கே முடங்கும். மலேசியாவுக்கு பேக்கேஜ் தேவையே இல்லை என்பது என் கருத்து.

நம் ஊர்க்காரர்கள் யாருமே பட்ஜெட்டில் எழுதாத செலவு ஒன்று உண்டு: ஊருக்கு வாங்கி வருவது. மாமியாருக்குக் கோடாலித் தைலம், நாத்தனார் பிள்ளைகளுக்குச் சாக்லேட், ஆபீஸில் ஆளுக்கொரு சாவிக்கொத்து, பக்கத்து வீட்டுக்கு ஏதாவது. கடைசி நாள் விமான நிலையத்தில் நின்று வாங்கினால் பத்தாயிரம் எங்கே போனதென்றே தெரியாது. இங்கேயே பெயர்களை எழுதி 8,000 ரூபாய்க்குள் நிறுத்துங்கள், அங்கே சாதாரண சூப்பர் மார்க்கெட்டில் வாங்குங்கள். என் கணக்கில் இதையும் சேர்த்திருக்கிறேன். அதன் பிறகும் மிஞ்சுவதை இருவரும் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். யார் எதற்குச் செலவழித்தாலும் மற்றவர் கேட்கக் கூடாது.

இந்த வாரமே செய்ய வேண்டியது பாஸ்போர்ட். இல்லாதவருக்குக் கட்டணம் 1,500 ரூபாய். இருக்கிறவருடையது பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். இனிஷியல் வைத்துக்கொள்ளும் நம் பழக்கத்தால் பலருக்குக் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும். டிக்கெட் போடும்போது அந்தக் கட்டத்தில் இஷ்டத்துக்குக் கணவர் பெயரையோ அப்பா பெயரையோ நிரப்பாதீர்கள். ஒற்றைப் பெயர்க்காரர்கள் எப்படி நிரப்ப வேண்டும் என்று விமான நிறுவனத்தின் விதியைப் படித்து, பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துத் தட்டுங்கள். மலிவு டிக்கெட்டில் பெயரைத் திருத்தக் கேட்கும் பணத்துக்கு ஜார்ஜ் டவுனில் ஓர் இரவு தங்கலாம்.