அப்பாவின் கேசட்டுகளை எதில் மாற்றுவது?

கேள்வி: அப்பாவின் நாதஸ்வரக் கேசட்டுகளைக் கணினியில் ஏற்றுகிறேன். எம்பி3 போதுமா, ஃப்ளாக் வேண்டுமா?
– கும்பகோணம் வாசகர்

பதில்: முதலில் ஃப்ளாக் (FLAC) என்ற ஒலிக்கோப்பாக ஏற்றுங்கள். ஒரு மணி நேரக் கேசட்டை சிடி தரத்தில் பதிந்தால் சுமார் 600 மெகாபைட் வரும். ஃப்ளாக் அதை ஏறக்குறைய பாதியாக்கும்; ஒலியில் ஒரு துளியும் குறையாது. எம்பி3 அப்படியல்ல, காதுக்கு எட்டாது என்று கணிப்பதைத் தூக்கி எறிந்துதான் சுருக்குகிறது. 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) என்றால் அதே ஒரு மணி நேரம் 58 மெகாபைட்தான். நானும் ஆசைப்பட்டு அதில்தான் மாற்றினேன். தவில் சரி, ஜால்ரா மட்டும் தண்ணீருக்குள் தட்டியதுபோல் ‘ஸ்ஸ்’ என்றது. திரும்பப் பதியலாம் என்றால் கேசட்டில் பூஞ்சை!

போனில் கேட்க, ஃப்ளாக்கிலிருந்து 192 கேபிபிஎஸ்-இல் ஏஏசி (எம்பி3 போலவே சுருக்கும் இன்னொரு வகை) எடுங்கள், 86 மெகாபைட். எம்பி3-யை ஃப்ளாக்காக மாற்றினால் போனது திரும்பாது, கோப்புதான் வீங்கும். அப்படிச் செய்துவிட்டுப் பெருமையடித்த மைத்துனர் ஒருவர் எனக்கு உண்டு.