காரைக்குடி பழக்கடையில் விற்கும் ஃபியூஜி ஆப்பிளுக்கும் பாரம்பரிய ரகத்துக்கும் என்ன உறவு?

பல தலைமுறையாக ஒட்டுக் கட்டியே காப்பாற்றி வரும் பழைய ரகத்தைத்தான் பாரம்பரிய ரகம் என்கிறோம். ஏன் ஒட்டு? ஆப்பிள் விதையை நட்டால் தாய் மரத்தின் பழம் அப்படியே வராது. ஒவ்வொரு விதையும் புதுக் கலவை. செட்டிநாட்டில் பிள்ளை பிறந்ததும் ‘மூக்கு அப்பத்தா, நிறம் ஆயா’ என்று பார்ப்பார்களே, அதே கதைதான். அதனால் பிடித்த மரத்தின் குச்சியை வெட்டி வேறு வேர்ச்செடியில் ஒட்டுகிறார்கள், நம் ஒட்டு மாங்கன்று போல.

அமெரிக்காவின் வர்ஜீனியாவைச் சேர்ந்த ரால்ஸ் ஜேனட் அப்படியொரு பழைய ரகம். தாமதமாகப் பூப்பதால் பின்பனியில் பூ கருகாமல் தப்பும். பழமும் நெடுநாள் தாங்கும். 1939இல் ஜப்பானின் ஃபுஜிசாகியில் இதையும் ரெட் டெலிஷியஸ் என்ற இன்னொரு ஆப்பிள் ரகத்தையும் கலந்தார்கள். முளைத்த நாற்றுகளை வளர்த்து, காய்க்க விட்டு, சுவைத்து, வேண்டாதவற்றைக் கழித்தார்கள். அப்புறம் 1962இல்தான் ஃபியூஜி என்ற பெயர் வந்தது. இடையில் 23 வருடம்! அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு மரியாதையே வருகிறது.

பழைய வீட்டின் பர்மா தேக்குத் தூணைப் புது வீட்டில் நிறுத்துகிறோம் இல்லையா? தூணை விறகாக்கியிருந்தால் நிறுத்த என்ன இருக்கும்? பழைய மரங்களையும் அதற்காகவே விட்டுவைக்க வேண்டும்.

ஃபியூஜி மரபணு மாற்றிய பழம் என்று சிலர் நினைப்பது தவறு. ஒரு மரத்தின் மகரந்தத்தை இன்னொரு மரத்தின் பூவில் சேர்த்துப் பிறந்ததுதான் அது.