இருபத்தெட்டாம் கேள்வியும் விசுவாசமும்

மதிப்பிற்குரிய ஐயா,

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய வம்சாவளியினரைப் பற்றிய நீண்ட கட்டுரை ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். லாயல்டி, அலீஜியன்ஸ், ஃபெயித்ஃபுல், ஃபிடெலிட்டி என்ற சொற்கள் அதில் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. முள்வேலிக்குள் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய ஓர் ஆசிரியையின் ‘டிவோஷன்’ பற்றியும் ஒரு பத்தி இருக்கிறது. அகராதியைப் புரட்டினால் விசுவாசம், பற்று, பக்தி என்றே திரும்பத் திரும்ப வருகிறது. இச்சொற்களுக்குள் உண்மையிலேயே வேறுபாடு உண்டா, அல்லது கூறியது கூறலைத் தவிர்க்க மாற்றி மாற்றி எழுதுகிறார்களா? எல்லா இடத்திலும் ‘விசுவாசம்’ என்று போட்டால் என்ன கெட்டுவிடும்?

அன்புடன்,
ஒரு மொழிபெயர்ப்பாளர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கும் கட்டுரையில் நிச்சயமாகக் கெட்டுவிடும், ஏனென்றால் அந்த முகாம்களில் பல்லாயிரம் பேரின் வாழ்க்கை இந்தச் சொற்களை நம்பித்தான் தொங்கிக்கொண்டிருந்தது. 1942இல் அதிபர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த ஆணையின் பேரில் ஏறத்தாழ 1,20,000 பேர் மேற்குக் கரையிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டார்கள். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அவர்களுள் வயதுவந்தோர் அனைவரிடமும் ஒரு படிவம் கொடுக்கப்பட்டது. மக்கள் வழக்கில் அதன் பெயரே ‘லாயல்டி’ வினாப்படிவம். ஆனால் அதன் இருபத்தெட்டாம் கேள்விக்குள் அந்தச் சொல் இல்லை. அமெரிக்காவிடம் நிபந்தனையற்ற ‘அலீஜியன்ஸ்’ கொள்வதாக உறுதியளித்து, எத்தாக்குதலிலிருந்தும் அந்நாட்டை ‘ஃபெயித்ஃபுல்லி’ காத்து, ஜப்பானியப் பேரரசரிடமும் வேறெந்த அயல் அரசிடமும் எவ்வகை அலீஜியன்ஸும் இல்லையென்று கைவிடுவீர்களா என்பதே கேள்வி. படிவத்தின் பெயரையும் சேர்த்தால் மூன்று சொற்கள், மூன்று விதமான கட்டு. மூன்றையும் விசுவாசம் என்று எழுதினால், அந்த மக்கள் ஏன் அந்தக் கேள்வியின் முன் திணறி நின்றார்கள் என்பது தமிழ் வாசகருக்கு விளங்காமலே போகும்.

அலீஜியன்ஸ் நிலமானிய உலகத்திலிருந்து வந்த சொல். ஒரு வீரனுக்குப் பல பிரபுக்கள் இருக்கலாம். அவர்களுள் எவருக்கு எல்லாருக்கும் முன்பாகக் கடமைப்பட்டிருக்கிறானோ அவரே அவனுடைய ‘லீஜ்’ பிரபு. 1086ஆம் ஆண்டு ஆகஸ்டில் இங்கிலாந்தின் நிலவுடைமையாளர்களை, அவர்கள் யாருடைய ஆளாக இருந்தாலும் சரி, முதலாம் வில்லியம் சாலிஸ்பரிக்கு வரவழைத்து, மற்றெல்லாருக்கும் எதிராகத் தனக்கே உண்மையாக இருப்பதாக உறுதிமொழி வாங்கினான். அன்று தொடங்கி இன்றுவரை ஆளும் தரப்பு உரிமையோடு கேட்டு வாங்கக்கூடிய ஒன்றாகவே இது இருந்து வருகிறது. மனத்தில் அன்பு இருக்கிறதா என்று அலீஜியன்ஸ் பார்ப்பதில்லை. நீ யாருடைய குடி என்பதே அதற்கு வேண்டும்.

இப்போது அந்தப் படிவத்துக்குத் திரும்பிப் பாருங்கள். ஜப்பானில் பிறந்து குடியேறிய முதல் தலைமுறையினர் அமெரிக்கக் குடியுரிமை பெற அந்நாட்டுச் சட்டமே 1952வரை இடம் தரவில்லை. ஆகவே ‘ஆம்’ என்று எழுதினால் இருக்கிற ஒரே நாட்டையும் இழந்து நாடற்றவர்களாகிவிடுவோம் என்று அஞ்சினார்கள். அவர்களுடைய பிள்ளைகளோ அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். பேரரசருக்கு ஒருபோதும் கட்டுப்பட்டிராதவர்களிடம் ‘கைவிடுகிறாயா’ என்று கேட்பது, முன்பு கட்டுப்பட்டிருந்ததாக ஒப்புக்கொள்ளச் சொல்லும் பொறியாக அவர்களுக்குப் பட்டது. முதல் தலைமுறையினருக்கான கேள்வியைப் பின்னர் அதிகாரிகளே மாற்றினார்கள்: அமெரிக்கச் சட்டங்களுக்குக் கட்டுப்பட்டு, போர் முயற்சிக்கு இடையூறு செய்யாமல் இருப்பீர்களா என்று மட்டும் கேட்டார்கள். குடியாக ஏற்றுக்கொள்ளாத ஒருவரிடம் குடிக்குரிய கட்டைக் கேட்க முடியாது என்பதை அந்தத் திருத்தம் ஒப்புக்கொள்கிறது. உங்கள் மொழிபெயர்ப்பில் இந்த இரண்டு கேள்விகளும் வேறு வேறு சொற்களில் நின்றே ஆகவேண்டும். அலீஜியன்ஸுக்கு ‘குடிமைக் கடப்பாடு’ என்று எழுதலாம் என்பது என் பரிந்துரை. நம் பதவியேற்பு உறுதிமொழியில் இதே சொல்லுக்கு ‘மாறாப் பற்று’ என்று இருக்கிறது. அது அழகான தொடர்தான், ஆனால் பற்று நெஞ்சுக்குரியது, இந்தக் கேள்வி கேட்டதோ சட்டத்துக்குரியது.

லாயல்டியை விசுவாசம் என்றே வைத்துக்கொள்ளலாம். சட்டத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது அது. ‘லீகல்’ என்பதும் அதுவும் உடன்பிறந்தவை. ஆயினும் இன்றைய ஆங்கிலத்தில் சட்டத்தின் வாசனை அதில் அறவே போய்விட்டது. சோதனைக் காலத்தில் ஒரு பக்கத்தை விட்டு விலகாமல் நிற்பதே இன்று லாயல்டி. அமெரிக்கப் புரட்சியின்போது மன்னர் பக்கம் நின்று, தோற்றபின் கனடாவுக்குக் குடிபெயர்ந்த பல்லாயிரம் பேரை ‘லாயலிஸ்டுகள்’ என்று வரலாறு அழைக்கிறது. எதிர்த்துப் பேசுவதற்கும் அதில் இடமுண்டு: பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் எதிர்க்கட்சிக்கு ‘மேன்மைதங்கிய மன்னரின் லாயலான எதிர்க்கட்சி’ என்றே பெயர். தமிழில் விசுவாசம் என்றதும் எஜமானும் வேலைக்காரனும் கண்முன் வந்துவிடுகிறார்கள், எதிர்த்துப் பேசும் விசுவாசி நம் வழக்கில் எளிதில் தோன்றுவதில்லை. அந்த நிழல் படக்கூடாத இடங்களில் ‘உடன் நிற்றல்’ என்று விரித்து எழுதுங்கள்.

ஃபெயித்ஃபுல் என்பதன் மையம் சொன்ன சொல். அதற்கு நிகரான பழைய ஆங்கிலச் சொல் ‘ட்ரூ’. மெய்யான தகவல் என்ற பொருள் அதற்குப் பின்னால் வந்தது, முதற்பொருள் வாக்குத் தவறாத மனிதர் என்பதே. 1549ஆம் ஆண்டின் ஆங்கிலத் திருச்சபை வழிபாட்டு நூலில் மணமக்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் ‘ட்ரோத்’ என்ற வாக்கு அதன் நெருங்கிய உறவு. நம் விவிலிய மொழிபெயர்ப்பாளர்கள் இதை நன்றாகவே பிடித்திருக்கிறார்கள்: மத்தேயுவில் தன்னிடம் ஒப்படைத்த தாலந்துகளை, அதாவது பணத்தை, பெருக்கிக் கொடுத்த வேலைக்காரனை எஜமான் ‘உத்தமமும் உண்மையுமுள்ள ஊழியக்காரனே’ என்கிறான். அங்கே ‘விசுவாசமுள்ள’ என்று போட்டிருந்தால் கடவுள் நம்பிக்கையோடு குழம்பியிருக்கும். படிவத்தில் வரும் ஃபெயித்ஃபுல்லிக்கும் ‘உண்மையோடு’ என்பதே பொருந்தும்.

ஃபிடெலிட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வழுவாமை என்பதுதான் அதன் உயிர். மணவாழ்வுக்கும், மூலத்துக்கு மொழிபெயர்ப்பு வழுவாதிருப்பதற்கும், ஒலிப்பதிவின் துல்லியத்துக்கும், ஊழியர் கையாடல் செய்தால் இழப்பீடு தரும் காப்பீட்டுக்கும் ஒரே சொல் ஓடுவது அதனால்தான்.

டிவோஷன் இவற்றின் வரிசையில் வராது. யாரும் அதைக் கேட்டு வாங்க முடியாது, யாருக்கும் அது கடனுமில்லை. லத்தீனில் அதன் வேர்ப்பொருள் நேர்ந்துவிடுதல். கோயிலுக்குக் கிடா நேர்ந்துவிட்டபின் அது வீட்டுக்காரருடையது இல்லை என்று நம் ஊர்களில் சொல்வார்களே, அதேபோன்றது. லிவி எழுதிய ரோம வரலாற்றில், கி.மு. 340இல் லத்தீனியருடனான போரில் தன் படையின் ஒரு பக்கம் பின்வாங்கத் தொடங்கியதும் தளபதி டெசியஸ் முஸ் பூசாரியை அழைத்து, அங்கியால் தலையை மூடி, கையால் மோவாயைத் தொட்டு, தரையில் கிடத்திய ஈட்டியின்மேல் நின்றபடி பூசாரி சொல்லச் சொல்ல மந்திரத்தைத் திருப்பிச் சொல்கிறான். எதிரிப் படையோடு சேர்த்துத் தன்னையும் பாதாள தேவர்களுக்கு நேர்ந்துவிட்டு, குதிரையேறி எதிரிகள் நடுவே பாய்ந்து மடிகிறான். அந்தச் சடங்கின் பெயர்தான் டிவோஷியோ. ஆங்கிலத்தில் அது முதலில் வழிபாட்டைக் குறித்து, பின்னரே மனிதருக்கும் வேலைக்கும் உரியதாயிற்று.

எனவே அந்த ஆசிரியையின் டிவோஷனைப் ‘பக்தி’ என்று எழுதாதீர்கள். பக்தி என்றால் வணங்கப்படுபவர் ஒருவர் மேலே இருக்க வேண்டும், அந்த ஆசிரியைக்கு எதிரே இருந்தவர்களோ குழந்தைகள். ‘அர்ப்பணிப்பு’ பொருளளவில் சரியானதுதான், ஆனால் பாராட்டு விழாக்களில் சொல்லிச் சொல்லித் தேய்ந்துவிட்டது. பெயர்ச்சொல்லைத் தேடி அலையாமல் ‘அந்தப் பிள்ளைகளுக்கே தன்னைக் கொடுத்துவிட்டார்’ என்று வினையாக எழுதிவிடுங்கள். ஆங்கிலத்தின் ஒரு சொல் தமிழில் நான்காக விரிவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

அன்புடன்.