மாதம் 3 வீத வட்டியை நம்பலாமா?

கேள்வி: கணவர் ஓய்வு பெற்றுவிட்டார். ஊழியர் சேமலாப நிதிப் பணம் 40 இலட்சம் கையில் இருக்கிறது. வங்கியில் வருடத்துக்கு 8 வீதம்தான் தருகிறார்கள். அண்ணா தனக்குத் தெரிந்த ஒரு நிறுவனத்தில் போட்டால் மாதம் 3 வீதம் வரும் என்கிறார். மகன் எல்லாவற்றையும் பங்குச் சந்தையில் போடச் சொல்கிறான். பணம் போட்டு இழந்தவர்களின் பழைய கதைகளைச் சொன்னால், "அது அந்தக் காலம்" என்று இருவரும் வாயை அடைக்கிறார்கள்.
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: சகோதரி, அந்தப் பழைய கதைகளை விட்டுவிடாதீர்கள். மாதம் 3 வீதம் என்றால் வருடத்துக்கு 36. வங்கி 8 தரும்போது இன்னொருவர் 36 தருவதற்கு அவர் என்ன வியாபாரம் செய்கிறார்? 2008 கடைசியில் கோல்டன் கீ விழுந்தபோது, அது வைப்புப் பணம் வாங்க மத்திய வங்கியின் அனுமதியே இல்லாத கம்பனி என்பது பலருக்குப் பிறகுதான் உறைத்தது. அது சார்ந்திருந்த பெரிய குழுமத்தின் பெயரை நம்பிப் போட்ட ஓய்வூதியக்காரர்கள் வருடக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறினார்கள்.

உரிமம் இருந்தால் மட்டும் போதும் என்றும் இருந்துவிட முடியாது. உரிமத்தோடு வைப்புப் பணம் வாங்கிவந்த தி ஃபினான்ஸ் கம்பனியின் உரிமமே 2020இல் ரத்தானது. அப்படி ஒரு நிறுவனம் விழுந்தால் வைப்பாளருக்குப் பணம் தரும் வைப்புக் காப்புறுதியும் இப்போது ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் வரைதான். ஆகவே முழுப் பணத்தையும் ஒரே இடத்தில் போடாதீர்கள்.

மகன் சொல்வதில் நியாயம் உண்டு, ஆனால் பொறுமை வேண்டும். 2009 தொடக்கத்தில் 1,500 அளவில் இருந்த கொழும்புப் பங்குச் சுட்டெண் (பங்கு விலைகளின் மொத்தப் போக்கைக் காட்டும் எண்), போர் முடிந்த உற்சாகத்தில் 2011 பெப்ரவரியில் 7,800ஐத் தாண்டியது. அடுத்த வருடமே 5,000க்குக் கீழே இறங்கியது. கடன் வாங்கிப் பங்கு வாங்கியவர்களின் பங்குகளை, கடனை மீட்பதற்காகத் தரகர்களே விற்றுத் தள்ளினார்கள். பழைய உச்சத்தை மறுபடி தொட 2021 ஆனது. பத்து வருடம்! மகனால் காத்திருக்க முடியும். உங்கள் மருந்துச் செலவும் வீட்டு வாடகையும் காத்திருக்குமா? பத்து வருடத்துக்குத் தேவைப்படாத ஒரு சிறு பகுதியை மட்டும், கடன் வாங்காமல், கொஞ்சம் கொஞ்சமாகப் போடச் சொல்லுங்கள்.

சரி, வங்கியில் போட்டால் நிம்மதியா? 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதம். வைப்பில் ஒரு சதம்கூடக் குறையவில்லை, ஆனால் பால்மாவும் பருப்பும் வாங்கப் போனபோது அந்தக் காசு பாதியாகிவிட்டது போலிருந்தது. குறைந்த வட்டிக்கு நீண்ட காலம் கட்டிவைத்தவர்கள்தான் அதிகம் தவித்தார்கள். மூன்று மாதத் திறைசேரி உண்டியல் (அரசாங்கம் குறுகிய காலத்துக்குக் கடன் வாங்க விற்கும் பத்திரம்) வைத்திருந்தவர்களோ, வட்டி 30 வீதத்தைத் தாண்டியபோது புதிய வட்டிக்கு மாறிக்கொண்டார்கள். நீங்களும் பணத்தை மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று பிரித்துப் போடுங்கள். அப்போது வட்டி ஏறினால், புதிய வட்டிக்கு மாற்றிப் போடக் கொஞ்சப் பணமாவது கைக்கு வரும்.

உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் மத்திய வங்கியின் இணையத்தளத்தில் இருக்கிறது. அண்ணா சொல்லும் பெயர் அதில் இல்லையென்றால், அவர் மனம் நொந்தாலும் பரவாயில்லை, காசைக் கொடுக்காதீர்கள்.