ஓஎஸ் ஆராய்ச்சியை மாநாட்டுக்கு அனுப்புவது எப்படி? மலையிலிருந்து சில கேள்விகள்

கோத்தகிரியில் உட்கார்ந்து ஓஎஸ் (கணினியை இயக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம்), அதன் மையப் பகுதியான கெர்னல், டேட்டாவைச் சேமிக்கும் ஸ்டோரேஜ், இவற்றில் வேலை பார்க்கிறேன், அவ்வப்போது மாநாடுகளுக்கு வரும் பேப்பர்களுக்கு (ஆய்வுக் கட்டுரைகளுக்கு) ரிவ்யூவும் எழுதுகிறேன். கூடலூர் முதல் குன்னூர் வரை வந்த கேள்விகளுக்கு இங்கே மொத்தமாகப் பதில்.

குன்னூர், கல்லூரி மாணவர்: அக்கா, நானே ஒரு ஓஎஸ் எழுதியிருக்கிறேன். பூட் ஆகிறது, ஷெல் ஓடுகிறது. ஓஎஸ் ஆராய்ச்சியின் பெரிய மாநாடான எஸ்ஓஎஸ்பி-க்கு அனுப்பலாமா?

இப்படியே அனுப்பாதே. எழுதியது பெரிய விஷயம்தான், வேலைக்கு இன்டர்வியூ போகும்போது தைரியமாகக் காட்டு. ஆனால் ரிவ்யூ எழுதுகிறவர் தேடுவது வேறு: இதைப் படித்ததால் எனக்குப் புதிதாக என்ன தெரிந்தது? 2009 எஸ்ஓஎஸ்பி-யில் வந்த எஸ்இஎல்4 கெர்னலில் சி கோடு சுமார் 8,700 வரிதான். அளவைப் பார்த்து யாரும் அசரவில்லை, அந்தக் கோடு எழுதிவைத்த வரையறைப்படியே நடக்கும் என்று கணினியால் சரிபார்த்த நிரூபணத்தோடு வந்தார்கள், அதுதான் பேப்பர். உன்னுடையதில் மெமரியையோ ஷெட்யூலரையோ (எந்த வேலை எப்போது ஓடும் என்று முடிவுசெய்யும் பகுதி) வேறு மாதிரி செய்த இடம் ஒன்று இருந்தால் அதை மட்டும் தனியாக எடுத்து வா, பேசலாம்.

கூடலூர்: பச்சைத் தேயிலை வாங்கும் இடத்தில் எடைக் கணக்கை ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் பதிகிறோம். ஆடி மழையில் கரண்ட் போய்ப் போய் வரும்போது கடைசிப் பதிவுகள் காணாமல் போகும், ஒரு முறை ஃபைலே காலி. நானே ஒரு லாக் (பதிவேடு) முறை எழுதினேன், இப்போது எதுவும் தொலைவதில்லை. இது பேப்பர் ஆகுமா?

ஆகலாம் தம்பி, ஆனால் நீ நினைக்கிற இடத்தில் இல்லை.

ஃபைல் காலியானதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்: புது ஃபைலில் எழுதி, எஃப்சிங்க் (டேட்டாவை எஸ்டி கார்டில் எழுதி முடிக்கச் சொல்லும் கட்டளை) போடாமல் பழைய பெயருக்கு மாற்றியிருப்பாய். பெயர் மாற்றம் கார்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, உள்ளே இருக்க வேண்டிய டேட்டா இன்னும் மெமரியிலேயே இருந்தது, அந்த நேரம் பார்த்து எங்கேயோ கம்பி மேல் மரம் விழுந்தது. லினக்ஸின் ஃபைல் சிஸ்டமான இஎக்ஸ்டி4 விஷயத்தில் 2009-லேயே இதைப் பற்றிப் பெரிய சண்டை நடந்து முடிந்துவிட்டது. 2014-ல் ஓஎஸ்டிஐ என்ற இன்னொரு ஓஎஸ் மாநாட்டில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் நன்கு தெரிந்த 11 மென்பொருள்களை ஆராய்ந்து, இந்த மாதிரி 60 ஓட்டைகளைக் காட்டினார்கள். அதனால் "கரண்ட் போனால் டேட்டா போகிறது, நான் சரிசெய்தேன்" என்று எழுதினால் முதல் பக்கத்திலேயே முடித்துவிடுவார்கள்.

உன்னிடம் இருக்கும் புதுச் சரக்கு அந்த எஸ்டி கார்டுதான். "எழுதியாச்சு" என்று கெர்னலுக்குப் பதில் சொல்லிவிட்டு உண்மையில் எழுதாத கார்டுகள் உண்டு. லினக்ஸில், கார்டுக்கு அனுப்புவதையெல்லாம் பதிந்துவைக்கும் டிஎம்-லாக்-ரைட்ஸ் கருவியை வைத்துச் செய்யும் சோதனையில் இது சிக்காது, ஏனென்றால் அது கார்டுக்கு வெளியே நின்று பார்க்கிறது. நிஜமாகவே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வாங்கி, வேறொரு போர்டிலிருந்து ஏதோ ஒரு நேரத்தில் சப்ளையை வெட்டு, ஒவ்வொரு பதிவிலும் வரிசை எண்ணும் செக்சம்மும் (பதிவு சிதைந்ததா என்று காட்டும் எண்) போடு, திரும்ப ஏறியதும் எது இருக்கிறது, எது இல்லை, எது பாதி என்று எண்ணு. கார்டை மாற்றி மாற்றிச் செய். அப்புறம், இதே சோதனையை எஸ்க்யூலைட் டேட்டாபேஸை, எழுதியது போய்ச் சேரும்வரை காத்திருக்கும் சின்க்ரனஸ் ஃபுல் அமைப்பில் வைத்தும் ஓட்டு. உன் முறையும் அதுவும் ஒரே மாதிரி தாங்கினால் உன் லாக் முறைக்குப் பேப்பர் கிடையாது, கார்டுகளைப் பற்றிய கண்டுபிடிப்புக்கு இருக்கலாம். கசப்புதான், ஆனால் ரிவ்யூவில் முதல் கேள்வியே இதுவாகத்தான் வரும்.

எங்கே அனுப்புவது என்றால், ஸ்டோரேஜ் என்பதால் அதற்கான ஃபாஸ்ட் மாநாடு. அவ்வளவு கைவசம் இல்லையென்றால் ஏபிசிஸ் மாதிரி ஒரு பட்டறை (சின்ன மாநாடு).

ஊட்டி: ஒரே பென்ச்மார்க் (வேகச் சோதனை), காலையில் ஒரு எண், மதியம் ஒரு எண். எதைப் போடுவது?

இரண்டையும் போடாதே, முதலில் காரணத்தைப் பிடி. சிபியூ வேகம் தானாக ஏறி இறங்காமல் கவர்னர் என்ற வேகக் கட்டுப்பாட்டை பெர்ஃபார்மன்ஸில் நிறுத்து. வெப்பத்தையும் பதிந்து வை, ராஸ்பெர்ரி பை 80 டிகிரியை நெருங்கும்போது தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மார்கழிக் குளிரில் உன் அறையில் வந்த எண்ணை மேட்டுப்பாளையத்துக்காரர் சித்திரையில் ஓட்டிப் பார்த்தால் வராது, அப்புறம் உன்னைத்தான் சந்தேகப்படுவார். பல முறை ஓட்டி, சராசரியோடு பரவலையும் காட்டு.

கோத்தகிரி: எந்தக் கல்லூரியிலும் இல்லை. பெயர் பார்த்து ஒதுக்குவார்களா?

பெயரே தெரியாது. இரு பக்கமும் மறைத்த ரிவ்யூதான் இப்போது வழக்கம். நீங்களாகக் காட்டிக்கொடுக்காமல் இருந்தால் போதும்: படத்தில் தெரியும் ஹோம் டைரக்டரி பெயர், கிட்ஹப் சுட்டி, நன்றியுரை, இந்த மூன்றும்தான் வழக்கமாக மாட்டும். உங்கள் பழைய பேப்பரைச் சொல்ல வேண்டியிருந்தால் யாரோ எழுதியது போலக் குறிப்பிடுங்கள்.

குன்னூர், பேராசிரியர்: "உங்கள் கட்டுரையை மூன்று நாளில் ஏற்போம்" என்று தினமும் மெயில் வருகிறது. மாணவர்களுக்கு என்ன சொல்வது?

குப்பையில் போடச் சொல்லுங்கள் சார். மூன்று நாளில் யாரும் 12 பக்கத்தைப் படித்து ரிவ்யூ எழுத முடியாது, நல்ல இடங்களில் முடிவு வர மாதங்கள் ஆகும். கமிட்டியில் இருப்பவர்கள் இதே துறையில் எழுதியவர்களா, சென்ற ஆண்டுப் பேப்பர்கள் படிக்கத் தகுந்தவையா, இந்த இரண்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஓஎஸ்டிஐ, ஃபாஸ்ட் நடத்தும் யூஸ்நிக்ஸ் அமைப்பின் மாநாட்டுப் பேப்பர்கள் எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன, அதில் பத்துப் படித்தவனை இந்த மெயில் ஏமாற்றாது.

கூடலூர் (மறுபடியும்): டெட்லைனில் "ஏஓஇ" என்று இருக்கிறதே?

பூமியில் கடைசியாக நாள் முடியும் இடத்தின் நேரம். அங்கே இரவு 11.59 என்றால் நமக்கு மறுநாள் மாலை 5.29. எல்லா மாநாடும் இதைப் பின்பற்றுவதில்லை, அறிவிப்பைப் படி. சுருக்கத்தை மட்டும் முன்கூட்டியே பதியச் சொல்லும் தேதி பெரும்பாலும் தனியாக இருக்கும், அதை விட்டால் பேப்பரையே ஏற்றமுடியாது. மழைக்காலத்தில் கடைசி மணி நேரத்தை நம்பாதே, முதல் நாளே ஒரு பிரதியை ஏற்றிவிட்டு, டெட்லைன் வரை மாற்றிக்கொண்டே இரு.

ஊட்டி: நிராகரித்துவிட்டால்?

பெரும்பாலும் நிராகரிப்பார்கள், இந்த மாநாடுகளில் வருவதில் பெரும்பகுதி திரும்பத்தான் போகும். ஓஎஸ்டிஐ 2021 முதலும் எஸ்ஓஎஸ்பி 2024 முதலும் ஆண்டுதோறும் நடப்பதால் முன்போல இரண்டு வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. ரிவ்யூவில் "இதைப் புரிந்துகொள்ளவில்லை" என்று கோபம் வரும் வரிகளைத்தான் முதலில் திருத்து, அங்கே நீ எழுதியதில்தான் குழப்பம் இருக்கும். ஒரே பேப்பரை ஒரே சமயம் இரண்டு இடத்துக்கு அனுப்ப மட்டும் செய்யாதே. அடுத்த இடத்தில், முன்பு ரிவ்யூ எழுதிய அதே ஆளிடமே உன் பேப்பர் போவது சகஜம், அவர் சொன்ன சோதனையைச் செய்யாமல் அப்படியே அனுப்பியிருந்தால் பழைய ரிவ்யூவையே மறுபடி ஒட்டிவிடுவார்.